கிச்சே மாயாவும் பிரெஞ்சும்: இலக்கண ஒப்பாய்வு தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

மொழியியல் வகுப்பில் முதல் ஆண்டிலேயே ஒரு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்: மாயா மொழிகள் ‘எர்கேட்டிவ்’, பிரெஞ்சு அப்படியல்ல. தேர்வுக்கு இது போதும், ஆராய்ச்சிக்குப் போதாது. எர்கேட்டிவ் என்பது மொழிக்கு ஒட்டும் முத்திரை அல்ல. ஒரு மொழியின் இலக்கணத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் தென்படும் குணம் அது. அதே மொழியின் வேறோர் இடத்தில் அது இல்லாமலும் இருக்கலாம். எந்த இடத்தில் இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்று நாமே சோதித்துப் பார்க்கும் வழியைத்தான் கீழே படிப்படியாகத் தருகிறோம்.

முதலில் மூன்று பெயர்கள். செயப்படுபொருள் குன்றிய வினையில் (வந்தான், தூங்கினாள்) இருப்பது ஒரே ஆள். அவரைத் ‘தனி’ என்போம். செயப்படுபொருள் குன்றாத வினையில் (பார்த்தான், அடித்தாள்) செய்பவர் ‘செய்’, படுவது ‘படு’. தனியும் செய்யும் ஒரே அடையாளம் பெற்று, படு மட்டும் விலகி நின்றால் அது தமிழுக்குப் பழகிய முறை: வந்தேன், பார்த்தேன் இரண்டிலும் அதே ‘ஏன்’. தனியும் படுவும் ஒன்று சேர்ந்து, செய் விலகி நின்றால் அதுதான் எர்கேட்டிவ். இனி வரும் எல்லாச் சோதனைகளும் ஒரே கேள்விதான்: இந்த இடத்தில் தனி யாரோடு சேருகிறது?

முதல் படி: ஒரே மொழியைப் பிடியுங்கள்

‘மாயா மொழி’ என்று ஒரு மொழி இல்லை. மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ் நாடுகளில் பரவிய சுமார் முப்பது மொழிகளின் குடும்பம் அது. குவாத்தமாலாவில் மட்டும் 22 மாயா மொழிகளுக்கு அரசு ஏற்பு உண்டு. அவற்றுள் ஒன்றான கிச்சே தொடங்குபவருக்கு நல்ல தேர்வு. பேசுவோர் பத்து லட்சம் அளவில் இருக்கிறார்கள், இலக்கண நூல்களும் ஒலிப்பதிவுகளும் கிடைக்கின்றன. பெரும்பாலான நூல்கள் ஸ்பானிய மொழியில்தான் இருக்கின்றன. வாசிக்கும் அளவுக்காவது ஸ்பானியம் தெரியாமல் இந்த வேலையில் வெகுதூரம் போக முடியாது.

கிச்சே என்று மட்டும் குறித்துவைத்தால் போதாது, எந்த ஊர்ப் பேச்சு என்பதையும் எழுதுங்கள். ஊருக்கு ஊர் உயிரொலிகளும் விகுதிகளும் மாறும். இரண்டு ஊர்த் தரவைக் கலந்து ஒரே அட்டவணை போட்டால், இல்லாத விதி ஒன்று முளைக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. கிச்சேயில் இருபதுக்கு ‘ஹுவினஃக்’, அதாவது ‘ஓர் ஆள்’ (கை கால் விரல்கள் இருபது). நாற்பது ‘கவினஃக்’. பிரெஞ்சில் எண்பது ‘கத்ர் வான்’, நான்கு இருபது. இதைக் கண்டு உறவு கொண்டாடக் கிளம்பாதீர்கள். இரண்டுக்கும் எந்தக் குடும்ப உறவும் கிடையாது. நாம் செய்வது அமைப்பு ஒப்பீடு, வம்ச ஆராய்ச்சி அல்ல.

இரண்டாம் படி: எழுத்தைச் சரியாக வாசித்தல்

1987இல் குவாத்தமாலா அரசு ஒருங்கிணைந்த எழுத்துமுறை ஒன்றை ஏற்றது. புதிய நூல்கள் அதையே பின்பற்றுகின்றன. அதற்கு முந்தைய நூல்களில் எழுத்து கண்டபடி இருக்கும். ஸ்பானியர் காதில் விழாத ஒலிகளுக்காக 16ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சிஸ்கோ தெ லா பார்ரா என்ற பாதிரியார் புது எழுத்துகள் உருவாக்கினார், ஆனால் எல்லோரும் அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை. பிரெஞ்சுப் பாதிரியார் பிரஸ்ஸெர் தெ பூர்பூர் 1861இல் பாரிசில் கிச்சே மக்களின் புனித நூலான போபோல் வூஹைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு வெளியிட்டு, அடுத்த ஆண்டே கிச்சே இலக்கணமும் அச்சிட்டார். அத்தகைய பழைய நூல்களைச் சொல் தேடப் பயன்படுத்தலாம். உருபன் (பொருள் தரும் மிகச் சிறிய சொற்கூறு) பிரிக்க அவற்றை நம்பக் கூடாது.

கவனிக்க வேண்டியவை மூன்றே. ஆங்கிலத்தில் ‘எக்ஸ்’ எனப்படும் எழுத்து இங்கே ‘ஷ்’. ‘க்யூ’ என்பது உள்நாக்கருகே பிறக்கும் ஆழமான க். அதை இந்தக் கட்டுரையில் ஆய்தம் சேர்த்து ‘ஃக்’ என்று எழுதுகிறோம். மெய்யெழுத்துக்குப் பின் ஒற்றை மேற்கோள்குறி வந்தால், குரல்வளையை மூடி வெடிப்போடு விடும் ஒலி. க் வேறு, க்' வேறு. தமிழில் இதற்கு இணை இல்லாததால் நம் காது இரண்டையும் ஒன்றாகவே கேட்கும். பேச்சொலியை அலசும் பிராட் மென்பொருளில் அலைவடிவத்தைத் திறந்து பாருங்கள்: வெடிப்புக்கும் உயிரொலிக்கும் நடுவே சிறு மௌனம் தெரிந்தால் அது பெரும்பாலும் க்'. இங்கே தரும் எடுத்துக்காட்டுகளில் த, க, ச எங்கே வந்தாலும் வல்லொலியாகவே வாசியுங்கள். ‘அத்’ உயிரோடு சேரும்போது ‘அதி’ என்று மெலியக் கூடாது.

மூன்றாம் படி: அட்டவணை

இதுதான் வேலையின் முதுகெலும்பு. கிச்சே வினையில் இடப்பெயர்கள் (நான், நீ, அவன் என மூவிடம் காட்டுபவை) எல்லாம் முன்னொட்டாக, வினைக்குள்ளேயே வரும். மாயா ஆய்வாளர்கள் அவற்றை ஏ வரிசை, பி வரிசை என்பார்கள்.

பி வரிசை: இன் (நான்), அத் (நீ), படர்க்கை ஒருமைக்கு ஒன்றுமில்லை, ஓஹ் (நாம், நாங்கள்), இஷ் (நீங்கள் பலர்), எ அல்லது எப்' (அவர்கள்).

ஏ வரிசை, மெய்யில் தொடங்கும் வேருக்கு முன்: இன், அ, உ, ஃக, இ, கி. உயிரில் தொடங்கும் வேருக்கு முன்: இன்வ், அவ், ர், ஃக், இவ், க்.

இனி வாக்கியங்களைப் பிரியுங்கள். முதலில் வரும் ‘ஷ்’ முடிந்த செயலைக் காட்டுவது.

ஷ்-இன்-வர்-இக்: தூங்கினேன்.
ஷ்-அத்-வர்-இக்: தூங்கினாய்.
ஷ்-அத்-இன்வ்-இல்-ஓ: உன்னைப் பார்த்தேன்.
ஷ்-இன்-அவ்-இல்-ஓ: என்னைப் பார்த்தாய்.

முதல் வரியின் ‘இன்’னும் நான்காம் வரியின் ‘இன்’னும் ஒன்றே. தூங்கிய நானும் பார்க்கப்பட்ட நானும் ஒரே உருபு பெறுகிறோம், பார்த்த நான் மட்டும் ‘இன்வ்’. தனியும் படுவும் சேர்ந்துவிட்டன.

ஏ வரிசைக்கு இன்னொரு வேலையும் உண்டு, உடைமை காட்டுவது. ‘ஒச்சொச்’ என்றால் குடியிருக்கும் வீடு. வொச்சொச் என் வீடு, அவொச்சொச் உன் வீடு, ரொச்சொச் அவன் வீடு. பெயர்ச்சொல்லில் தன்மை ஒருமை மட்டும் ‘வ்’ அல்லது ‘நு’ என்று மாறும். மற்றவை வினையில் வருபவையே. ‘உன் வீடு’ என்பதில் வரும் அதே ‘அவ்’தான் ‘நீ பார்த்தாய்’ என்பதிலும்.

எத்தனை வாக்கியம் சேகரிக்க வேண்டும்? ஆறு இடம் செய்பவர், ஆறு இடம் படுபவர்: 36. அதில் நான் என்னை, நீ உங்களை போன்ற எட்டைக் கழித்தால் 28. செயப்படுபொருள் குன்றிய வினைக்கு ஆறு. ஆக 34. இதை உயிரில் தொடங்கும் வேருக்கு ஒருமுறை, மெய்யில் தொடங்கும் வேருக்கு ஒருமுறை செய்தால் 68. முதல் சுற்றுக்கு முடிந்த செயல் மட்டும் போதும்.

எங்கே சறுக்கும்?

பெரும் பொறி ‘இன்’தான். ‘ஷின்ச்'அயோ’ என்றால் ‘அவனை அடித்தேன்’. இதில் வருவது ஏ வரிசை இன், படர்க்கையின் பி வரிசை ஒலியின்றி நிற்கிறது. ‘ஷின்வரிக்’ என்பதிலோ இருப்பது பி வரிசை இன். பார்வைக்கு இரட்டையர். படர்க்கைப் படுபொருளை மட்டும் வைத்துத் தரவு எடுத்தவர்கள், ‘தன்மையில் எர்கேட்டிவ் இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். இதை அவிழ்க்க இரண்டு வழி. படுபொருளை ‘உன்னை’ என்று மாற்றுங்கள், அத் முன்னால் வந்து நிற்கும். அல்லது உயிரில் தொடங்கும் வேர் இரண்டை எடுங்கள்: ‘ஷின்விலோ’ (அவனைப் பார்த்தேன்), ‘ஷினுலிக்’ (இங்கே வந்துசேர்ந்தேன்). ஏ வரிசையில் வ் முளைக்கிறது, பி வரிசையில் முளைப்பதில்லை.

இரண்டாவது, கடைசியில் நிற்கும் ‘இக்’, ‘ஓ’. தொடரின் இறுதியில்தான் இவை வரும். ‘ஷின்வரிக்’ என்று நின்றது, ‘ஷின்வர் இவிர்’ (நேற்றுத் தூங்கினேன்) என்றதும் இக்கை உதறிவிடும். தனி வினை மட்டும் கேட்டுச் சேகரித்தால் அதை வேரின் பகுதி என்றே எழுதிவிடுவீர்கள். ஒவ்வொரு வினையையும் இறுதியில் ஒருமுறை, இடையில் ஒருமுறை கேளுங்கள்.

மூன்றாவது, மரியாதை. கிச்சேயில் மரியாதைக்குரிய முன்னிலைக்கு வினைக்கு முன்னொட்டு வராது, வினைக்குப் பின்னால் ‘லா’ என்று தனியே வரும். ஸ்பானிய மரியாதைச் சொல்லால் கேள்வி கேட்டால் பதிலும் அப்படித்தான் கிடைக்கும், உங்கள் ‘நீ’ வரிசை முழுதும் காலியாக இருக்கும். நீ, நீங்கள் பழகிய தமிழருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆனால் வயதில் மூத்தவரிடம் ‘என்னை நீ என்று சொல்லுங்கள்’ எனக் கேட்பது அவருக்குக் கூச்சமாக இருக்கும். பேச்சு இரண்டு நண்பர்களுக்கு நடுவே நடப்பதாகக் காட்சி சொல்லிக் கேளுங்கள்.

நான்காம் படி: அதே கேள்வியைப் பிரெஞ்சிடம் கேட்பது

பிரெஞ்சில் எழுவாய் இடப்பெயர் தனிக்கும் செய்க்கும் ஒன்றே: ‘ழெ தொர்’ (தூங்குகிறேன்), ‘ழெ லெ வுவா’ (அவனைப் பார்க்கிறேன்). இங்கே எர்கேட்டிவ் இல்லை. இதோடு நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. இன்னும் இரண்டு இடங்களைத் தோண்டுங்கள்.

ஒன்று, செயப்பண்ணும் ‘ஃபேர்’. ‘அவனைத் தூங்கவைக்கிறேன்’ என்பது ‘ழெ லெ ஃபே தொர்மிர்’. ‘அவனை அந்தப் புத்தகத்தைப் படிக்கவைக்கிறேன்’ என்பது ‘ழெ லுயி ஃபே லீர் லெ லிவ்ர்’. முன்னதில் ‘லெ’, அவனை. பின்னதில் ‘லுயி’, அவனுக்கு. தூங்குபவன் தனி, படுபொருளின் வடிவம் பெறுகிறான். படிப்பவன் செய், வேறு வடிவத்துக்குத் தள்ளப்படுகிறான். தனியும் படுவும் ஒரு பக்கம், செய் மறுபக்கம்: கிச்சே வினைக்குள் கண்ட அதே பிரிவு. தமிழில் இரண்டுக்குமே ‘அவனை’ என்றுதான் சொல்கிறோம். அதனால் பிரெஞ்சைத் தமிழ்வழி படித்தவர்கள் இந்த வேறுபாட்டைப் பிழைத்திருத்தமாக மனப்பாடம் செய்கிறார்களே தவிர, ஏன் என்று கேட்பதில்லை. மொழியியலாளர் ரிச்சர்ட் கேய்ன் 1975இல் பிரெஞ்சுத் தொடரியலைப் பற்றி எழுதியபோதே இந்த அமைப்பை விரிவாக அலசியிருக்கிறார்.

சோதிக்கும்போது மூன்று கவனம். ‘லெஸ்ஸே’ (விடு), ‘ஆந்தாந்த்ர்’ (கேள்) போன்ற வினைகளைக் கலக்காதீர்கள். அவற்றில் படிப்பவனும் ‘லெ’ பெறலாம், முடிவு குழம்பும். படுபொருளை விட்டுவிடாதீர்கள்: ‘ழெ லெ ஃபே லீர்’ என்றால் அவனைப் படிக்கவைக்கிறேன் என்றும் கொள்ளலாம், அதை யாரையோ கொண்டு படிக்கவைக்கிறேன் என்றும் கொள்ளலாம். தன்மை, முன்னிலை இடங்களையும் தவிருங்கள். ‘மெ’, ‘தெ’ இரண்டும் ‘என்னை, எனக்கு’, ‘உன்னை, உனக்கு’ எனும் இரு வேலையையும் செய்வதால் அங்கே வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. படர்க்கை மட்டுமே சாட்சி. கிச்சேயில் படர்க்கையை நம்பாதே என்றோம், பிரெஞ்சில் நேர் எதிர். எந்த இடத்தில் வடிவங்கள் பிரிந்து நிற்கின்றனவோ அங்கேதான் சோதனை.

இரண்டு, இறந்தகால எச்சத்தின் இயைபு, அதாவது ஆண்பால் பெண்பாலுக்கு ஏற்ப அதன் வடிவம் மாறுவது. ‘இல் எ மொர்’ (அவன் இறந்தான்), ‘எல் எ மொர்த்’ (அவள் இறந்தாள்): தனியோடு இயைகிறது. ‘எல் ஆ எக்ரி’ (அவள் எழுதினாள்): செய்யோடு இயைவதே இல்லை, அவள் பெண் என்பதற்கு எச்சத்தில் தடயமே கிடையாது. ‘லே லெத்ர் கெ ழே எக்ரித்’ (நான் எழுதிய கடிதங்கள்): முன்னால் வந்துவிட்ட படுவோடு இயைகிறது. மறுபடியும் தனியும் படுவும் ஒரு பக்கம்.

ஆனால் இது பாதி உண்மைதான். ‘எல் ஆ தொர்மி’ (அவள் தூங்கினாள்) என்பதில் இயைபு வராது. வா, போ, பிற, இற, விழு போன்ற வினைகள் ‘எத்ர்’ துணைவினை எடுக்கும், தூங்கு, வேலைசெய் போன்றவை ‘ஆவுவார்’ எடுக்கும். ஆக இந்த இடத்தில் தனி இரண்டாக உடைகிறது. படுவும் வினைக்கு முன் வந்தால்தான் இயையும்: ‘ழே எக்ரி லே லெத்ர்’ என்று பின்னால் நின்றால் இல்லை. அட்டவணையில் ‘ஆம்’ என்று ஒரு சொல் எழுதி முடிக்காமல், இந்த இரண்டு நிபந்தனைகளையும் கட்டத்துக்குள்ளேயே எழுதுங்கள்.

எழுத்தை நம்பி இந்தச் சோதனை செய்யக் கூடாது. பெரும்பாலான எச்சங்களில் பெண்பால் விகுதி தாளில் உண்டு, காதில் இல்லை. ‘அரிவே’ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஒலி. காதுக்குக் கேட்கும் ஐந்து வினைகள் போதும்: எக்ரி–எக்ரித் (எழுது), மி–மீஸ் (வை), ப்ரி–ப்ரீஸ் (எடு), ஃபே–ஃபெத் (செய்), உவேர்–உவேர்த் (திற). முன்வந்த படுவோடு இயைபைப் பேச்சில் பலர் விட்டுவிடுவார்கள். பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுத்த விதி என்பதால், நேரடியாகக் கேட்டால் உடனே திருத்திக்கொள்வார்கள். எனவே ‘இது சரியா?’ என்று கேட்காமல், படம் காட்டிப் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: பெயர்த்தெடுக்கும் சோதனை

‘யார்?’ என்று கேட்க ஒருவரை வாக்கியத்திலிருந்து பெயர்த்து முன்னால் கொண்டுவரும்போது வினை மாறுகிறதா என்று பார்ப்பது இது.

கிச்சேயில் ‘ஹச்சின் ஷுலிக்?’ (யார் வந்தது?): தனியைப் பெயர்த்தால் வினையில் மாற்றமில்லை. ‘ஹச்சின் ஷ்ரில் லெ அலா?’ (பையன் யாரைப் பார்த்தான்?): படுவைப் பெயர்த்தாலும் மாற்றமில்லை, ஏ வரிசை ‘ர்’ தன் இடத்தில் இருக்கிறது. ‘ஹச்சின் ஷிலொவ் லெ அலா?’ (பையனைப் பார்த்தது யார்?): செய்யைப் பெயர்த்ததும் ‘ர்’ காணாமல் போய், ‘ஒவ்’ என்ற புது விகுதி ஒட்டுகிறது. மாயா ஆய்வாளர்கள் இதைச் செய்பவர் அழுத்த வடிவம் என்பார்கள்.

பிரெஞ்சிலும் எழுவாயைப் பெயர்த்தால் ஒரு மாற்றம் உண்டு: ‘லொம் கி ஆ வ்யூ மரீ’ (மரீயைப் பார்த்த ஆள்), ‘லொம் கெ மரீ ஆ வ்யூ’ (மரீ பார்த்த ஆள்). கெ, கி ஆகிறது. ஆனால் ‘லொம் கி எ மொர்’ (இறந்த ஆள்) என்று தனிக்கும் அதே ‘கி’. ஆக, எழுவாயைப் பெயர்ப்பது இரு மொழியிலும் தடம் விடுகிறது. கிச்சே செய்யை மட்டும் தனித்துப் பிடிக்கிறது, பிரெஞ்சு தனியையும் செய்யையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஃபேரில் எர்கேட்டிவாக நடந்த அதே பிரெஞ்சு, இங்கே அப்படி நடக்கவில்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று கிச்சேயின் உடன்பிறப்பான கக்சிக்கேலில் இருக்கிறது. அங்கே அழுத்த வடிவத்தில் ஒரே ஓர் இட உருபுக்குத்தான் இடம். ‘ஹா ரத் ஷத்-அஷ்-அன் ரி அச்சின்’ (நீதான் அந்த ஆள் சொன்னதைக் கேட்டாய்), ‘ஹா ரி அச்சின் ஷத்-அஷ்-அன் ரத்’ (அந்த ஆள்தான் நீ சொன்னதைக் கேட்டான்): இரண்டிலும் வினை ஒன்றே. செய்பவரோ படுபவரோ, ‘நீ’ இருந்தால் ‘அத்’ வந்துவிடும். ‘நான், நீ’ இருவரும் ஒன்றாக வந்தால் இந்த வடிவமே அமையாது. பிரெஞ்சில் ‘இல் மெ லுயி ப்ரெஸான்த்’ (அவன் என்னை அவளுக்கு அறிமுகம் செய்கிறான்) அமையாததோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் இட உருபுகள் குவியும்போது, எந்த இடம் எதோடு சேரலாம் என்பதற்குக் கட்டுப்பாடு வருகிறது. ‘இல் மெ ப்ரெஸான்த் ஆ எல்’ என்று ஒன்றை வெளியே எடுத்துவிட்டால் சரியாகிவிடும். இரண்டும் ஒரே விதியா என்பது ஆய்வாளர்கள் இன்னும் வாதாடும் கேள்வி. தொடங்குபவர் இரண்டையும் தனித்தனித் தாளில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆறாம் படி: பேசுவோரோடு உட்காரும்போது

ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். களைத்தவர் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்பார். முப்பது வாக்கியம் என்றால், நடுநடுவே சம்பந்தமில்லாத பத்து வாக்கியம் கலந்து கேளுங்கள். இல்லையென்றால் ஆறாவது வாக்கியத்திலேயே நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று அவருக்குப் புரிந்துவிடும், பதில்கள் உங்கள் ஆசைக்கு ஏற்ப வரத் தொடங்கும். அமையாத வாக்கியத்துக்கு முன் உடுக்குறி போடுங்கள், அவர் தயங்கினால் கேள்விக்குறி. அவர் திருத்திச் சொன்ன வடிவத்தை அப்படியே எழுதுங்கள், அதுதான் பல நேரம் மிகப் பயனுள்ள தரவு.

பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாக. ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண், சற்றே பக்கவாட்டில். நேர் எதிரே வைத்தால் வெடிப்பொலிகள் புடைத்துக் கேட்கும். காணொளி அழைப்பு வழியே எடுப்பதாக இருந்தால், இரைச்சல் நீக்கும் வசதியை முதலில் அணையுங்கள். க்' ஒலியின் மௌனத்தை அது விழுங்கிவிடும்.

நேரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும், பதிவின் பிரதி அவருக்கும் அவர் ஊருக்கும் போக வேண்டும், பெயரை வெளியிடலாமா என்று அவரிடமே கேட்க வேண்டும். குவாத்தமாலா மாயா மொழிகள் அகாதெமி 1990 முதல் சட்டப்படி இயங்குகிறது, ஒவ்வொரு மொழிச் சமூகத்துக்கும் கிளை உண்டு. அங்கே முதலில் போய்ச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவது முறை. களத்துக்குப் போக வழியில்லாதவர்கள் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகம் நடத்தும் லத்தீன் அமெரிக்கப் பழங்குடி மொழிகள் ஆவணக்காப்பகத்தில் பதிவுசெய்துகொண்டு, அங்குள்ள ஒலிப்பதிவுகளிலிருந்து அட்டவணையை நிரப்பலாம். 68 கட்டங்களும் நிரம்பாது. ‘நாங்கள் உங்களை’ வகை வாக்கியங்கள் கதைகளில் அரிதாகவே வரும். காலியாக இருப்பதைக் காலியாகவே விடுங்கள், விதியை வைத்து நீங்களே கட்டி எழுதாதீர்கள்.

அட்டவணை முடிந்தபின் கைவைக்க வேண்டிய அடுத்த மாயா மொழி யுகாத்தேக். ‘மேயஹ்னஹென்’ (வேலை செய்தேன்) என்பதில் தனிக்குப் பி வரிசையின் ‘என்’, பின்னொட்டாக வருகிறது. ‘கின் மேயஹ்’ (வேலை செய்கிறேன்) என்றதும் அதே தனிக்கு ஏ வரிசையின் ‘இன்’. படுபொருள் உள்ள ‘கின் விலிக்’ (அதைப் பார்க்கிறேன்), ‘தின் விலஹ்’ (அதைப் பார்த்தேன்) இரண்டிலும் ஏ வரிசைதான். முடிந்த செயலில் எர்கேட்டிவ், முடியாத செயலில் தமிழ்போல. இதே போன்ற பிளவைச் சோல் என்ற மாயா மொழியில் ஆராய்ந்த மொழியியலாளர் ஜெசிக்கா கூன், முடியாத செயலில் வருவது உண்மையில் வினையே அல்ல, உடைமை உருபு பெற்ற ஒரு பெயர் என்கிறார். ‘என் வேலைசெய்தல் நடக்கிறது’ என்பதுபோல. மூன்றாம் படியில் வொச்சொச், அவொச்சொச் என்று எழுதிவைத்த உடைமைத் தாளை அப்போது மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.